முதற்பதிப்பு, உறையில் சிறு கிழிவு

சனிக்கிழமை என்றால் எனக்கு இன்றைக்கும் ஈரக் கம்பளியின் மணம்தான். நனைந்த கோட்டுகளோடு ஏழெட்டுப் பேர் ஒரு சின்னக் கடைக்குள் நெருக்கிக்கொண்டு நிற்க, மூலையில் காஸ் ஹீற்றர் செம்மஞ்சளாய் எரிய, அந்தச் சூட்டில் கோட்டும் கடுதாசியும் சேர்ந்து ஒரு ஆவி விடுமே, அது. நீரும் அதைக் குடித்தவர்தானே. ஊரில் பழைய புத்தகம் என்றால் நப்தலின் உருண்டையும் பூச்சி அரித்த ஓரமும். லண்டன் புத்தகத்தில் நிலக்கரிப் புகை இருந்தது. முப்பதுகளில் அச்சாகி, யாரோ ஒருவரின் கணப்படுப்புக்குப் பக்கத்துத் தட்டில் நாற்பது வருசம் இருந்த புத்தகத்தை விரித்தால், கதைக்கு முதல் அந்த வீட்டின் பனிக்காலம் வந்து மூக்கில் ஏறும்.

"தம்பி, கண்ணை வைக்க முதல் மூக்கை வை" என்பார் அண்ணை. "ஈரம் குடிச்ச புத்தகமெண்டால் மூக்குத்தான் முதல் சொல்லும்."

அண்ணையை உமக்கு மறந்திருக்காது. அவரைப் பெயர் சொல்லி ஒருவரும் கூப்பிட்டதில்லை. மவுண்ட் பிளெசன்ற் தபால் நிலையத்தில் இரவு முழுக்க நின்றபடி கடிதம் பிரிக்கிற வேலை. விடிய வேலை முடிந்து மற்றவர்கள் படுக்கைக்கு ஓட, இவர் ஃபாரிங்டன் றோட்டால் கீழே இறங்குவார். அங்கே மதிலோரமாக ஜோர்ஜ் ஜெஃப்றியின் தள்ளுவண்டிகள். மூன்று தலைமுறையாய் அந்த நடைபாதையிலேயே பழம்புத்தகம் விற்ற குடும்பம். சனிக்கிழமை காலமை வண்டிகள் தார்ப்பாயால் மூடிக் கிடக்கும். சுற்றிவரச் சனம். பேராசிரியர், பாதிரியார், கடைக்காரர்கள், காலமையே பியர் மணக்கிற ஒரு கிழவர், அண்ணை, நான், நீர். ஜெஃப்றி வந்து தார்ப்பாயை ஒரு இழுவை இழுத்தாரோ இல்லையோ, நல்லூர்த் தேருக்கு வடம் பிடிக்கிற மாதிரி அத்தனை கையும் ஒன்றாய்ப் பாயும். முழங்கை நெஞ்சில் இடிக்கும். மன்னிப்புக் கேட்பார்கள், ஆனால் பிடித்த புத்தகத்தை விடமாட்டார்கள். இங்கிலீஷ்காரன் வரிசையில் நிற்கப் பிறந்தவன் என்று எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தந்தவர்கள் ஃபாரிங்டன் றோட்டைக் கண்டதில்லை.

அண்ணை பாயமாட்டார். எல்லோரும் தோலட்டைக்கும் பொன்னெழுத்துக்கும் அடிபட, இவர் கடைசி வண்டியில், ஒருவரும் திரும்பிப் பாராத மெல்லிய கவிதைப் புத்தகங்களை விரலால் தட்டித் தட்டி நகர்வார். இரவு முழுக்க முகவரி பார்த்த விரல்; முதுகைத் தொட்டாலே எந்தப் பதிப்பகம் என்று சொல்லிவிடும். எடுத்தால் தலைப்புப் பக்கத்தில் நிற்கமாட்டார், திருப்பி அதன் பின்பக்கத்துக்குப் போவார். விஷயமெல்லாம் அங்கேதான். முதலில் வெளியான ஆண்டு மட்டும் இருந்து, அதற்குக் கீழே வெறுமையாய் இருந்தால் நல்லது. மறுபதிப்பு என்று ஒரு வரி சேர்ந்துவிட்டால் அது படிக்கிற புத்தகம், சேர்க்கிற புத்தகம் இல்லை. ஃபேபர்காரர் ஆண்டை ரோம எழுத்தில் போட்டு எங்களைக் கணக்குச் செய்ய வைப்பார்கள். பிற்காலத்தில் ஒன்று முதல் பத்துவரை எண்களை வரிசையாக அச்சடித்து, ஒவ்வொரு அச்சுக்கும் ஒரு எண்ணைக் கழித்துக்கொண்டு வந்தார்கள். ‘1’ இருந்தால் முதல் அச்சு. அண்ணைக்கு அந்த முறை பிடிக்கவேயில்லை. கண்டுபிடிக்க ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை என்பது அவருடைய கோபம்.

உறைக் கதையை எத்தனை தரம் கேட்டிருப்போம்! ஊரில் புதுப் புத்தகம் கையில் வந்தால் பிறவுண் பேப்பரில் உறை போடுவோம். அழுக்கானால் கழற்றி வேறு போடுவோம். லண்டனிலோ உறைக்குத்தான் விலை. 1938இல் ஹைன்மன் வெளியிட்ட கிரஹாம் கிறீனின் ‘பிறைற்றன் றொக்’ உறையில்லாமல் கிடைத்தால் சம்பளக்காரன் பல்லைக் கடித்து வாங்கப் பார்க்கலாம். உறையோடு என்றால் பல்லாயிரம் பவுண். வாங்கியவர்கள் வீட்டுக்குப் போன கையோடு கழற்றி எறிந்த கடுதாசிக்கு அந்த மதிப்பு. உறையின் முன்மடிப்பில், கீழ்மூலையில் விலை அச்சடித்திருக்கும், ஏழு ஷில்லிங் ஆறு பென்ஸ் என்று. பிறந்தநாளுக்குக் கொடுக்கிறவர்கள் விலை தெரியக்கூடாதென்று அந்த மூலையைக் கத்தரித்துவிடுவார்கள். அந்த ஒரு வெட்டில் சேகரிப்பவன் முகம் சுளிப்பான். "மரியாதை தெரிஞ்ச சனத்தாலை எவ்வளவு புத்தகம் கெட்டுப்போச்சுது பாத்தியோ" என்று அண்ணை பெருமூச்சு விடுவார். மூலை கத்தரிக்காமல் இருந்தும் விலை இல்லையென்றால் இன்னும் மோசம். அநேகமாக அது புத்தகக் கழகத்தார் தங்கள் அங்கத்தவர்களுக்கு மலிவாய் அச்சடித்தது. தோற்றத்தில் அச்சொட்டாய் இருக்கும். எத்தனை பேர் அதை முதற்பதிப்பென்று மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்!

பிறகு நடை. ஃபாரிங்டன் றோட்டிலிருந்து ஹோபன், ஹோபனிலிருந்து சாரிங் குறொஸ் றோட். பஸ்ஸில் ஏறினால் அந்தக் காசு புத்தகத்தில் குறையும் என்பது அண்ணையின் சட்டம். ஃபொய்ல்ஸ் கடைக்குள் மழைக்கு ஒதுங்குவோம், வாங்கமாட்டோம். கிறிஸ்ரினா ஃபொய்ல் அம்மா உயிரோடு இருந்த காலம் முழுக்க அங்கே ஒரு புத்தகம் வாங்க மூன்று வரிசை: துண்டு எழுத ஒன்று, காசு கட்ட ஒன்று, புத்தகத்தைத் திருப்பி எடுக்க ஒன்று. பதிப்பகத்தின் பெயர் தெரியாவிட்டால் தேடின புத்தகம் கிடைக்காது, ஏனென்றால் அடுக்கியது அந்த ஒழுங்கில். கச்சேரியில் உறுதி எடுக்கப்போன ஞாபகம் வருகுது என்று நீர் ஒருநாள் சொன்னீர். 84ஆம் இலக்கத்தில் இருந்த மார்க்ஸ் கடை நாங்கள் வர முதலே, 1970இல், பூட்டியாயிற்று. அமெரிக்காவிலிருந்து ஒரு பெண் இருபது வருசம் அந்தக் கடைக்கு எழுதிய கடிதங்கள் புத்தகமாகி உலகம் முழுக்க வாசிக்க, கடை இல்லை. அந்த வாசலில் அண்ணை ஒவ்வொரு முறையும் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் வருவார். கடிதம் பிரிக்கிறவர் அல்லவா.

சிசில் கோர்ட்டுக்கு வந்தால் எங்களுக்கு ஊர் ஒழுங்கைக்குள் இறங்கின நிம்மதி. வாகனம் இல்லை. ஒரு பக்கம் சாரிங் குறொஸ் றோட், மறுபக்கம் சென்ற் மார்ட்டின்ஸ் லேன், நடுவில் இரண்டு பக்கமும் பச்சை முகப்புக் கடைகள். எட்டு வயது மொசாற் 1764இல் குடும்பத்தோடு லண்டனுக்கு வந்தபோது தங்கின இடம் இது. டேவிட் லோ என்ற புத்தகக்காரர் முன்னம் இங்கே கடை வைத்திருந்தார். கிறீன் அவருடைய கூட்டாளி. லோ எழுதிய நினைவுப் புத்தகத்துக்கு முன்னுரையும் கிறீன்தான். நாங்கள் அதிகம் நின்றது ஒரு முதற்பதிப்புக் கடைக் கண்ணாடிக்கு முன்னால். உள்ளே போனது குறைவு. கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கக் காசு வேண்டாம், உள்ளே போனால் கதவு மணி அடிக்கும், மணி அடித்தால் தலை நிமிரும்.

உள்ளே போனால் அண்ணைக்கு ஒரு முறை உண்டு. புத்தகத்தைத் தொடமாட்டார். மழையைப் பற்றிச் சொல்லுவார். பிறகு கடைக்காரரின் இருமலை விசாரிப்பார். அதன் பிறகுதான், ஏதோ கை தவறிப் பட்டதாக ஒரு புத்தகத்தை எடுத்து முன்தாளைத் திறப்பார். வலப்பக்க மேல்மூலையில் மெல்லிய பென்சிலில் விலை. நல்ல கடைக்காரர் பேனையை அந்தப் பக்கத்தில் வைக்கவே மாட்டார். சிலர் விலைக்குப் பக்கத்தில் இரண்டு மூன்று எழுத்தும் போடுவார்கள். அது தாங்கள் வாங்கின விலையின் இரகசியம். அந்த எழுத்துகளை உடைக்க அண்ணை பல மாதம் கொப்பி போட்டுக் கணக்கெழுதினார். ஒரு கடையினதைப் பிடித்துவிட்டதாகவும் சொன்னார். எந்தக் கடை என்று கடைசிவரை சொல்லவில்லை.

கையொப்பம் என்றால் எனக்கு அப்போது ஒரு கிறுக்கு. அண்ணைக்கு அது பெரிதில்லை. எழுத்தாளர்கள் கடையில் வந்திருந்து கையெழுத்துப் போடத் தொடங்கினபின் அதன் மானம் போய்விட்டது என்பார். பழைய பிரதமர் எட்வர்ட் ஹீத் தன் பாய்க்கப்பல் புத்தகத்துக்கு ஊர் ஊராய்ப் போய்க் கையெழுத்திட்டதில், கையெழுத்து இல்லாத பிரதிதான் அரிது என்று புத்தகக்காரர் மத்தியில் ஒரு பகிடி ஓடியது. வெறும் பெயர் மட்டும் தலைப்புப் பக்கத்தில் இருந்தால் கடைக்காரருக்குச் சந்தோஷம். ‘மார்கிறற்றுக்கு, நத்தார் வாழ்த்துகளோடு’ என்று இருந்தால் மார்கிறற் யார் என்று பார்க்கவேண்டும். அவள் எழுத்தாளரின் காதலி என்றால் விலை ஏறும். பல் வைத்தியரின் மனைவி என்றால் இறங்கும். எனக்கு எப்போதும் அந்தப் பல் வைத்தியரின் மனைவிதான் பிடித்தது.

கள்ளம் பற்றிப் பேச்சு வந்தால் அண்ணை ஹம்ப்ஸ்ரெட்டில் இருந்த தோமஸ் வைஸின் கதையை எடுப்பார், மதியம் வரை ஓடும். பெரிய சேகரிப்பாளர், எல்லோரும் அவரிடம்தான் போய்ச் சந்தேகம் கேட்பது. எலிசபெத் பறெற் பிறவுணிங்கின் காதல் கவிதைகள் 1850இல் வெளியானவை என்று உலகம் நம்பியிருக்க, 1847 என்று ஆண்டு போட்ட ஒரு சின்னப் புத்தகம் திடீரென்று தலைகாட்டியது. எல்லோரும் அடித்துப் பிடித்து வாங்கினார்கள். 1934இல் ஜோன் கார்ட்டர், கிரஹாம் பொலர்ட் என்ற இரண்டு இளம் புத்தகக்காரர் அது போன்ற புத்தகங்களின் கடுதாசியைச் சோதித்துப் பார்த்தால், எஸ்பார்ற்றோ புல்லும் மரக்கூழும். அந்தப் புல்லை இங்கிலாந்தில் கடுதாசிக்குப் போடத் தொடங்கியதே 1861இல்தான். அப்படிப்பட்ட புத்தகங்கள் ஐம்பதுக்குக் கிட்ட. வைஸ் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை, மூன்று வருசத்தில் செத்துப்போனார். அவருடைய நூலகத்தைப் பிறிற்றிஷ் மியூசியம் 66,000 பவுணுக்கு வாங்கியது. அதற்குப் பிறகு பார்த்தால், தன் பிரதிகளை முழுமையாக்குவதற்கு அதே மியூசியத்தின் பழைய நாடகப் புத்தகங்களிலிருந்து தாள்களைக் கிழித்திருக்கிறார் மனிசன். "கள்ளனிட்டையே களவுச் சாமானைக் காசு குடுத்து வாங்கின அரசாங்கம்" என்று முடித்துவிட்டு அண்ணை தலையை ஆட்டுவார்.

அந்த நேரத்துக்குப் பசி. ஃபிற்ஸ்றோய் ஸ்குவயரில் இந்திய வை.எம்.சி.ஏ. தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்க, சோற்றின் ஆவி கண்ணாடியில் படியும். பருப்பும் கோழிக்கறியும். உறைப்புக் காணாது, நீர் சட்டைப்பைக்குள்ளிருந்து மிளகாய்த்தூள் சரையை எடுப்பீர். நீள மேசைகளில் வேறு ஊர் மாணவர்கள். எண்ணெய்க் கையோடு புத்தகத்தைத் தொடக்கூடாதென்று அண்ணை பைகளையெல்லாம் தன் கதிரைக்குக் கீழே தள்ளிவைப்பார். சாப்பாடு முடிந்து கை கழுவி, துடைத்து, கையை விளக்கில் பிடித்துப் பார்த்த பிறகுதான் பை திறக்கும்.

அப்போதுதான் தம்பிமுத்து வெளியே வருவார்.

அண்ணை சேர்த்தது தம்பிமுத்துவை. வேறொன்றும் அவருக்குப் பெரிதில்லை. 1938இல், இருபத்திரண்டு வயதில், கையில் ஒன்றுமில்லாமல் இலங்கையிலிருந்து லண்டனுக்கு வந்த ஒரு தமிழ்ப் பெடியன் அடுத்த வருசமே ‘பொயற்றி லண்டன்’ என்று ஒரு கவிதைச் சஞ்சிகை தொடங்குகிறான். யுத்தம், கடுதாசிக்குப் பங்கீடு, வானத்தில் குண்டு. ரி.எஸ். எலியற்றுக்கு அவனைப் பிடித்துக்கொள்கிறது. ஃபேபர் 1942இல் அவன் தொகுத்த யுத்தகாலக் கவிதைகளை வெளியிடுகிறது. பிறகு ‘எடிஷன்ஸ் பொயற்றி லண்டன்’ என்று தனிப் பதிப்பகம். நாங்கள் சோறு தின்கிற மேசையிலிருந்து நாலு தெரு தள்ளி, றத்போன் பிளேஸில், வீற்ஷீஃப் என்ற தவறணையில்தான் அவனுடைய கந்தோர் என்று சொல்லலாம். வருகிற கவிதைகளைக் கட்டிலுக்குக் கீழே மூத்திரச் சட்டிக்குள் போட்டு வைத்திருந்தான் என்று அக்கால எழுத்தாளர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். ஜூலியன் மக்லாரன்-றொஸ்ஸுக்கு அவன் சொன்ன புத்திமதிதான் எனக்குப் பிடித்தது: சோஹோவில் ஒரு வருத்தம் இருக்கிறது, பிடித்தால் இரவு பகலாய் அங்கேயே கிடப்பாய், ஒரு வேலையும் நடக்காது. சொன்னவனுக்கே அந்த வருத்தம் முற்றியிருந்தது.

அந்தக் குழப்பத்துக்குள்ளிருந்து வந்த புத்தகங்களைப் பார்க்கவேண்டும் நீர். பார்த்தீர்தானே. அண்ணை மடியில் துவாய் விரித்து ஒவ்வொன்றாய் எடுத்து வைப்பார். கத்லீன் றெயினின் ‘ஸ்ரோன் அன்ட் ஃபிளவர்’, 1943, உள்ளே பார்பரா ஹெப்வேர்த்தின் சித்திரங்கள். சுரங்க ரயில் நிலையங்களில் குண்டுக்குப் பயந்து படுத்துக் கிடந்த சனத்தை ஹென்றி மூர் வரைந்த கொப்பி, 1945. நபக்கோவின் ‘செபாஸ்ரியன் நைற்’ நாவலின் இங்கிலாந்துப் பதிப்பு, அதுவும் 1945. கீத் டக்ளஸின் ‘அலமெய்ன் ரு ஸெம் ஸெம்’, 1946. டக்ளஸ் 1944 ஜூனில் நோர்மண்டியில் இருபத்துநாலு வயதில் செத்துவிட்டார். அந்தப் புத்தகத்தில் அவருடைய கையெழுத்தை யாராவது காட்டினால் கண்ணை மூடிக்கொண்டு கள்ளம் என்று சொல்லலாம். வீற்ஷீஃபில் ஒரு கிளாஸ் பியரோடு இத்தனையும் நடத்தியது எங்கட ஆள் என்று நினைக்க, சோறு செமிக்க முதல் நெஞ்சு நிறையும்.

எலிசபெத் ஸ்மார்ட்டின் மெல்லிய புத்தகத்தை மட்டும் அண்ணை வேறாய்ச் சுற்றி வைத்திருந்தார். 1945இல் தம்பிமுத்து அச்சடித்தது 2,000 பிரதி. கனடாவில் பெரிய இடத்துப் பெண், மணமான கவிஞர் ஒருவரில் காதல், அதை மறைக்காமல் எழுதிவிட்டாள். ஒட்டாவாவில் இருந்த தாய்க்காரி கண்ணில் பட்ட பிரதிகளை வாங்கி எரித்தாள், மேலிடத்தில் சொல்லி நாட்டுக்குள் வராமலும் செய்தாள். "எரிச்சதாலைதான் இந்த விலை" என்றார் அண்ணை. "1940 மார்கழி 29ஆம் திகதி இரவு பற்றர்நொஸ்ரர் றோவிலை ஐம்பது லட்சம் புத்தகம் எரிஞ்சது. ஃபிளான் ஓ பிரையனின்ரை முதல் நாவல் வித்தது இருநூற்றிச் சொச்சம், மிச்சமெல்லாம் லோங்மன்ஸ் கிட்டங்கியோடை போச்சுது. அந்த இருநூறிலை ஒண்டு இண்டைக்கு உன்ரை கையிலை வந்தால், தம்பி, நீ ஒரு வீட்டுக்கு முற்பணம் கட்டலாம்." அதை அவர் சொன்னது 1980ஆக இருக்கவேண்டும். நாங்கள் சிரித்தோம்.

லெனாட் வூல்ஃபைப் பற்றியும் அந்த மேசையில் பேசாமல் இருக்கமாட்டோம். வேர்ஜினியாவின் கணவர் என்று லண்டன் சொல்லும். எங்களுக்கு அவர் யாழ்ப்பாணக் கச்சேரியில் 1905இலிருந்து 1907வரை இருந்த சின்னத்துரை. வால்ற்றேயரின் முழுத் தொகுதியையும் ஒரு நாயையும் கொண்டு வந்து இறங்கினவர். பெரிய தெருவில் குதிரையில் நின்றபடி ஒரு அப்புக்காத்தின் முகத்தில் வேண்டுமென்றே சவுக்கால் அடித்தார் என்று யாழ்ப்பாணத்தார் பெற்றிஷன் போட்டார்கள். அடிக்கவில்லை, சவுக்கால் சுட்டித்தான் காட்டினேன் என்று அவர் சொன்னார். எங்கள் மேசையில் அதற்கு இரண்டு கட்சி இருந்தது. நீர் பெற்றிஷன் கட்சி. ‘த வில்லேஜ் இன் த ஜங்கிள்’, 1913, எட்வர்ட் ஆர்னல்ட் வெளியீடு. அதன் முதற்பதிப்பை ஹோட்டல் றஸ்ஸலில் அப்போது நடந்த புத்தகச் சந்தையில் ஒருநாள் கண்டோம். அண்ணை கையில் வாங்கி, வாசித்து, மணந்து, திருப்பிக் கொடுத்தார். விலை அவருடைய இரண்டு கிழமைச் சம்பளம். பிறகு 1921இல் தங்கள் ஹோகார்த் அச்சகத்திலேயே வூல்ஃப் போட்ட கீழைத்தேயக் கதைகள், கறிங்ரன் வெட்டின அட்டைப்படத்தோடு. அதிலே முத்துக்குளிப்பு வரும். அதை நாங்கள் கண்ணாடிக்குள்தான் பார்த்தோம்.

இத்தனையும் அண்ணைக்கு எங்கே தொடங்கியது தெரியுமே? யாழ்ப்பாணப் பொது நூலகத்தில். வெள்ளைக் கட்டடம், வாசலில் சரஸ்வதி, உள்ளே செருப்புச் சத்தம் கேட்டால் தலை திரும்பும். 1933இல் செல்லப்பா என்ற மனிதர் தன் வீட்டில் தொடங்கிய வாசிகசாலை வளர்ந்து வளர்ந்து 1959இல் அந்தக் கட்டடமாய் எழும்பியது. அண்ணை பள்ளிக்கூடம் விட்டு சைக்கிளை அங்கேதான் திருப்புவார். கிறீனை முதல் வாசித்தது அங்கே. முரட்டுத் துணிக் கட்டு, முதுகில் வெள்ளையாய் எண், தலைப்புப் பக்கத்தில் ஊதா முத்திரை. எத்தனையாம் பதிப்பு என்று அப்போது யார் பார்த்தது?

லண்டன் வியாபாரத்தில் நூலக முத்திரை விழுந்த புத்தகம் கழிவு. முதற்பதிப்பாய் இருக்கட்டும், எழுதினவரே கையெழுத்துப் போட்டிருக்கட்டும், முத்திரையைக் கண்டால் கடைக்காரர் உதட்டைப் பிதுக்கி அப்பால் வைப்பார். அண்ணையும் அப்படித்தான். ஜெஃப்றியின் வண்டியில் அப்படி ஒன்று கையில் பட்டால், "முத்திரை குத்தினது" என்று ஒரு சொல், திருப்பி வைத்துவிடுவார்.

1981 மே 31ஆம் திகதி இரவு. யாழ்ப்பாண நூலகத்தில் எரிந்தது 97,000 புத்தகமும் ஏடும். தீயை மேலிருந்து பார்த்த தாவீது அடிகள் அந்த இடத்திலேயே விழுந்து இறந்தார். எங்களுக்கு முதலில் வந்தது அரைகுறைத் தொலைபேசிச் செய்தி, பிறகு நீலக் கடிதங்கள். மவுண்ட் பிளெசன்றில் அந்த நீலக் கடிதங்கள் அண்ணையின் கையாலும் போயிருக்கும், இலங்கை முத்திரையோடு, ஒட்டினபடி.

அந்தக் கோடையில் ஒரு சனிக்கிழமை ஃபாரிங்டன் றோட்டில் நாங்கள் நிற்கிறோம். அண்ணை ஒரு புத்தகத்தை எடுக்கிறார். ஏதோ ஒரு நகரசபை நூலகத்தினது, முன்தாளில் திருப்பிக் கொடுக்கவேண்டிய திகதிகள், தலைப்புப் பக்கத்தில் முத்திரை, அதன் மேல் கழித்துவிட்டதற்கு இன்னொரு முத்திரை. திருப்பி வைக்கவில்லை. காசைக் கொடுத்துப் பைக்குள் வைத்தார். அடுத்த கிழமை இன்னொன்று. ஹக்னி, இஸ்லிங்ரன், எங்கெங்கோ சின்ன ஊர் நூலகங்கள். கதையாகவும் இருக்கும், தையல் புத்தகமாகவும் இருக்கும். நான் ஏன் என்று கேட்கவில்லை. நீரும் கேட்கவில்லை. ஜெஃப்றி மட்டும் ஒருமுறை புருவத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு விலையைப் பாதியாக்கினார்.

1983 ஜூனில் தம்பிமுத்து லண்டனில் காலமானார். பத்திரிகையில் வந்த துணுக்கை அண்ணை வெட்டி டக்ளஸின் புத்தகத்துக்குள் வைத்தார். அடுத்த மாதம் கொழும்பு எரிந்தது.

அதோடு சனிக்கிழமை மாறியது. ஹீத்றோவில் ஆளெடுக்கப் போனோம். குறொய்டனில் லூனர் ஹவுஸ் வரிசையில் விடியப்புறம் போய் நின்றோம். அண்ணையின் இங்கிலீஷ் அப்போதுதான் எல்லோருக்கும் தேவைப்பட்டது: அகதி மனு, பாராளுமன்ற அங்கத்தவருக்குக் கடிதம், வீட்டுக்காரனுக்குக் கடிதம். மூன்று அறை வீட்டில் பதினொரு பேர். புத்தக அலுமாரி நின்ற சுவரோடு மெத்தைகள் வந்தன. யாரோ ஒரு பிள்ளை ஹென்றி மூரின் கொப்பியைத் திறந்துவைத்து, சுரங்கத்துக்குள் வரிசையாய்ப் படுத்திருக்கிற சனத்தைப் பார்த்து, "இதுவும் எங்கட ஆக்களோ?" என்று கேட்டது.

ஏஜென்சிக்குக் காசு, பிளேன் ரிக்கற், ஜேர்மனியில் இறங்கி நிற்கிறவனுக்குக் காசு. மூர் போனது. நபக்கோவ் போனது. றெயின் போனது. சிசில் கோர்ட்டுக்குப் பையோடு போய் வெறுங்கையோடு வருவார். வாங்குகிற நேரத்தில் பேசின மழையையும் இருமலையும் விற்கிற நேரத்தில் அவர் பேசவில்லை என்று கூடப் போன நீர்தான் எனக்குச் சொன்னீர். ஸ்மார்ட் கடைசியாய்ப் போனது. வவுனியாவில் அகப்பட்டு நின்ற மருமகன் அதில் வந்து சேர்ந்தான். இப்போது ஹரோவில் கணக்காளர், நல்ல பிள்ளை. எந்தப் புத்தகத்தில் வந்தவன் என்று அவனுக்குத் தெரியாது. விலைப்படாத முத்திரைப் புத்தகங்கள் மட்டும் வீட்டில் தங்கின.

ஜெஃப்றியின் வண்டிகள் 90களின் நடுவில் இல்லாமல் போயின. 84ஆம் இலக்கத்தில் இப்போது மக்டொனால்ட்ஸ். சுவரில் ஒரு பித்தளைத் தகடு, உருளைக்கிழங்குப் பொரியலின் மணம். கொலற்ஸ் புத்தகக்கடை 1993இல் பூட்டினது. ஃபொய்ல்ஸ் பக்கத்துக் கட்டடத்துக்கு மாறிவிட்டது, ஒரே வரிசையில் காசு கட்டலாம், கோப்பி நன்றாய் இருக்கிறது. சிசில் கோர்ட்டில் பச்சை முகப்பு அப்படியே. கடைக்காரருக்கு விலை கேட்க ஆளில்லை, எல்லோரும் கைத்தொலைபேசியில் பார்த்துக்கொண்டுதான் உள்ளே வருகிறார்கள். உலகத்தில் எத்தனை பிரதி விற்பனைக்குக் கிடக்கிறது, எது மலிவு என்று ஒரு நொடியில் தெரியும். பென்சில் எழுத்தின் இரகசியத்தை உடைக்க இன்றைக்கு யார் கொப்பி போடப்போகிறார்கள்? புத்தகம் சுகமாய்க் கிடைக்கிறது, அது பொய்யில்லை. அண்ணை பத்து வருசம் தேடின ஒன்றை நான் இரவு பதினொரு மணிக்குச் சாரத்தோடு இருந்து வாங்கினேன். வந்த பெட்டியைத் திறந்து மணந்து பார்த்தேன், பிளாஸ்ரிக் மணம்.

அண்ணை போன பிறகு பிள்ளைகள் ஒரு புத்தகக்காரரைக் கூப்பிட்டார்கள். நல்ல மனிசன், தேத்தண்ணி குடித்து, ஒவ்வொரு தட்டாகப் பார்த்து, தலைப்புப் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இதில் தனக்கு ஒன்றும் இல்லை என்று மரியாதையாய்ச் சொல்லிவிட்டு எழும்பினார். பன்னிரண்டு பெட்டி. இப்போது என் காராஜுக்குள் இருக்கிறது, கார் வெளியே நிற்கிறது. மனிசி ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் பனி விழுகிற காலமைகளில் கார்க் கண்ணாடியைச் சுரண்டும்போது என்னைப் பார்க்கிற பார்வை வேறு.

வோற்றர்லூப் பாலத்துக்குக் கீழே தேம்ஸ் கரையில் புத்தக மேசைகள் இன்னும் போடுகிறார்கள். முழங்கை இடி இல்லை, மழையும் படாது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அங்கே நிற்பேன். முழங்கால் இடங்கொடுத்தால் நீரும் வாரும். வராவிட்டாலும் பரவாயில்லை, உம்முடைய பக்கத்தில் எங்காவது பழைய கடையில் ‘பொயற்றி லண்டன்’ கண்ணில் பட்டால், அட்டையில் லயர் பறவைப் படத்தைப் பார்த்து எனக்கு எடுத்து வையும், காசு தாறன். முத்திரை குத்தினதெண்டால் அதைக் காட்டி விலையைக் குறைக்கப் பாரும்.